மிளகும் ராஜாத்தியும் ஒரே வீட்டில்

அம்மா எங்கள் வீட்டுக்குக் குடிவந்த அன்று அவருடன் மூன்று பெட்டிகள், ஒரு பிரஷர் குக்கர், அப்பாவின் படம், ஒரு பூனை எல்லாம் வந்து சேர்ந்தன. பெட்டிகளுக்கு இடம் ஒதுக்க ஒரு மணி நேரம் ஆனது. பூனைக்கு இடம் ஒதுக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஈசூன் வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை, பிறகு சில வாரங்கள் உடற்பயிற்சிச் சிகிச்சை. வாக்கர் பிடித்து நடக்கும் அம்மாவைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. செங்காங்கில் எங்களுடையது நான்கறை வீடு. தொடக்கநிலை 3 படிக்கும் என் மகள் தன் அறையைப் பாட்டிக்கு விட்டுக்கொடுத்தாள். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். “ராஜாத்தி வந்தா நான் வர்றேன்.”

ராஜாத்திக்கு 11 வயது. ஈசூன் புளோக்கின் கீழ்த்தளத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை அப்பா சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1989ஆம் ஆண்டு முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லாதிருந்த காலம் அது. யாராவது அழைப்பு மணியை அடித்தால் முதலில் ராஜாத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடுவார் அம்மா. பிறகுதான் கதவு திறக்கும். 2024 செப்டம்பர் 1ஆம் தேதி விதி மாறியது. நுண்சில்லு பொருத்தி, உரிமம் எடுத்து, ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றானது. உரிமம் கிடைத்த அன்று அம்மா எனக்குத் தொலைபேசியில் அழைத்து, “இனிமே நாங்க ரெண்டு பேரும் ஒளிய வேண்டியதில்லை” என்றார்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே மிளகு இருந்தான். ஐந்து வயது, கருஞ்சாம்பல் நிறம், கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை. ஒன்றும் ஒன்றும் இரண்டு. விதிப்படி கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் செய்த தவறு

அன்று நாங்கள் செய்ததைப் பலரும் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கூண்டை வரவேற்பறை நடுவில் வைத்தோம். நான், கணவர், மகள் மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். “பாத்துப் பழகட்டும்” என்றார் அம்மா. கூண்டின் கதவைத் திறந்தோம்.

நான்கு நொடிகூட ஆகியிருக்காது. மிளகின் உடம்பு இரு மடங்காகப் பருத்தது. ராஜாத்தி சீறினாள். பிறகு நடந்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. சோபா உறையில் ஒரு கிழிசல், என் கணவரின் முழங்கையில் மூன்று கோடுகள், சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கிய மிளகு. அன்று இரவு அவன் வெளியே வரவே இல்லை.

பூனை சண்டைக்காரப் பிராணி என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியே வேட்டையாடி வாழ்வது. தன் எல்லை, தன் இரை, தன் வாசம் என்றுதான் அதன் உலகம். அந்த இயல்பு நம் வீட்டுப் பூனைகளிடம் இன்னும் இருக்கிறது. “அப்புறம் கீழ்த்தளத்துல மட்டும் அஞ்சு பூனை ஒண்ணா இருக்கே?” என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே ஒன்றாக இருப்பவை பெரும்பாலும் உறவுப் பூனைகள், அல்லது சேர்ந்து வளர்ந்தவை. பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த புளோக்குக்குப் போய்விடலாம். ஏழாவது மாடியில், பூட்டிய கதவுக்குள் இருக்கும் பூனை எங்கே போகும்?

அடுத்த சில நாள்களில் சண்டை நின்றுவிட்டது. நாங்களும் நிம்மதியானோம். அது எங்கள் இரண்டாவது தவறு. மிளகு எல்லாரும் தூங்கிய பிறகு மட்டும் வந்து சாப்பிட்டான். வயிற்றுப் பக்கம் ரோமத்தை நக்கி நக்கி ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு வழுக்கை விழுந்திருந்தது. ஆறாம் நாள் அம்மாவின் அறைக்குள் புகுந்து மெத்தையில் சிறுநீர் கழித்துவிட்டான்.

“பழி வாங்குறான்” என்றார் அம்மா. எனக்கும் கோபம். விரலை நீட்டி அவனைத் திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு பத்து மணி இருக்கும். மிளகு மணல்தட்டில் போய் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். மலச்சிக்கல் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் ஏழெட்டு முறை. மணலைக் கிளறிப் பார்த்தால் இளஞ்சிவப்பில் இரண்டு சொட்டு. பிறகு இதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் கத்தினான்.

“வயித்து வலியா இருக்கும். பனடோல்ல பாதி குடுத்துப் பாரேன்” என்றார் அம்மா, பாவம், அக்கறையோடுதான். நல்ல வேளை, கொடுக்கவில்லை. மனிதர்களுக்குச் சாதாரணமான பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. பாதி மாத்திரையேகூட உயிரை எடுத்துவிடலாம்.

24 மணி நேர விலங்கு மருத்துவமனைக்கு ஓடினோம். சிறுநீர்ப்பாதை அடைத்திருந்தது. ஆண் பூனைக்கு அந்தப் பாதை மிகக் குறுகலானது. அடைத்துவிட்டால் கழிவு இரத்தத்தில் தேங்கி, பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடக்கூடும். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகினார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்தான். கட்டணத்தை இங்கே எழுத வேண்டாம். ஆண்டு இறுதிப் பயணம் ரத்தானது என்று மட்டும் சொல்கிறேன்.

பரிசோதனையில் கல்லும் இல்லை, கிருமித்தொற்றும் இல்லை. மனவுளைச்சலில் சிறுநீர்ப்பை புண்ணாகி வீங்கும் நோய் என்றார் மருத்துவர். வீட்டில் இன்னொரு பூனையுடன் ஒத்துப்போகாதது அதற்கு நன்கு அறியப்பட்ட ஒரு காரணமாம். மெத்தையில் கழித்தது பழிவாங்கல் இல்லை. மணல்தட்டில் உட்கார்ந்தால் வலிக்கிறது, அல்லது அங்கே போகப் பயமாக இருக்கிறது. அதனால் மெத்தென்ற வேறோர் இடத்தைத் தேடியிருக்கிறான்.

பிறகு அந்த மருத்துவர் ஒரு காகிதத்தை எடுத்து, “உங்கள் வீட்டை வரைந்து காட்டுங்கள்” என்றார். வரைந்தேன். மணல்தட்டுகள் எங்கே என்று கேட்டார். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் என்றேன். “உங்களுக்கு அது இரண்டு. பூனைக்கு அது ஒன்றுதான்.” ராஜாத்தி பகலில் எங்கே படுப்பாள் என்று அடுத்த கேள்வி. சமையலறை வாசலில், தரை குளிர்ச்சியாக இருக்கும், அங்கேதான் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது.

ராஜாத்தி அவனை அடிக்கவில்லை, துரத்தவில்லை. வாசலில் படுத்து, அவன் வரும்போது தலையைத் தூக்கி ஒரு முறை பார்ப்பாள். அவ்வளவுதான். அவன் திரும்பிப் போய்விடுவான். தண்ணீர்க் கிண்ணமும் அந்தப் பக்கம்தான் இருந்தது. நாங்கள் சமாதானம் என்று நினைத்த அந்த இரண்டு வாரமும் மிளகு சிறுநீரை அடக்கிக்கொண்டும் தண்ணீர் குடிக்காமலும் இருந்திருக்கிறான்.

“என்னையும் உள்ளே வச்சுப் பூட்டுறீங்களா?”

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் ஒரு பெட்டி கட்டி முடித்திருந்தது. “எங்களாலதான் அந்த வாயில்லா ஜீவனுக்கு இந்தக் கதி. நாங்க ஈசூனுக்கே போயிடுறோம், பாப்பா.” வாக்கர் இல்லாமல் குளியலறைக்குப் போக முடியாதவர் சொல்கிறார். இல்லை என்று வாயால் சொல்வது எளிது. அந்தப் பெட்டியைத் திறக்க வைக்க வேண்டுமானால் பூனைகள் இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது.

மருத்துவர் சொன்னது, முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள் என்று. புதிதாக வந்த பூனைக்கு ஓர் அறை. அதன் உணவு, தண்ணீர், மணல்தட்டு, படுக்கை எல்லாம் அந்த அறைக்குள். கதவு சாத்தியிருக்க வேண்டும். ஒன்றையொன்று பார்ப்பதற்கு முன் வாசத்தால் பழக வேண்டும். சரி என்று அம்மாவின் அறையை ராஜாத்தியின் அறையாக்கினோம்.

மூன்றாம் நாள் அம்மா வெடித்தார். “பூனைக்காக என்னையும் உள்ளே வச்சுப் பூட்டுறீங்களா?” கதவுக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடுகிறது, பேத்தி சிரிக்கிறாள், சமையல் வாசம் வருகிறது. இவர் மட்டும் உள்ளே. ஒவ்வொரு முறையும் வாக்கரோடு வந்து கதவைத் திறந்து, பூனை வெளியே ஓடாமல் பார்த்து, மறுபடி சாத்துவது அவரால் ஆகிற காரியமா? இது எந்த அறிவுரையிலும் இல்லை. பூனை வளர்ப்பு பற்றி எழுதுபவர்கள் வீட்டில் வயதானவர் இருப்பதை நினைத்துப் பார்ப்பதில்லை போலும்.

என் கணவர் புளோக்குக்குப் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் மரச்சட்டமும் பிளாஸ்டிக் வலையும் வாங்கிவந்து, அறை வாசலுக்கு அளவாக இன்னொரு கதவு செய்தார். ஜன்னலில் பூனை விழாமல் இருக்க அடித்த அதே மாதிரி வலை. உள்ளே இருந்தபடியே அம்மா எல்லாரையும் பார்க்கலாம், பேசலாம், சத்தம் போடலாம். “மாப்பிள்ளை, காத்தும் வருது” என்றார். பூனைகள் அவசரப்பட்டுப் பார்த்துக்கொள்ளாமல் இருக்க, முதல் இரண்டு வாரம் வலையின் கீழ்ப்பாதியில் பழைய கைலி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம்.

நேரத்தையும் பிரித்தோம். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மிளகு எங்கள் படுக்கையறையில், ராஜாத்தி வீடு முழுக்க. மற்ற நேரம் வீடு அவனுக்கு. இதில் இன்னொரு பயன், ஒன்று நடந்த இடத்தில் மற்றது மோப்பம் பிடித்து, ‘இன்னொருவர் இருக்கிறார், ஆனால் என்னை ஒன்றும் செய்யவில்லை’ என்று தெரிந்துகொள்கிறது.

வாசத்தின் வேலைதான் எல்லாவற்றிலும் பெரிது. பூனையின் கன்னத்தில் சுரப்பிகள் உண்டு. மேசைக்கால், கதவு விளிம்பு, நம் கணுக்கால் எல்லாவற்றிலும் உரசி, இது என் இடம் என்று எழுதி வைக்கிறது. சுத்தமான சிறு துண்டால் ராஜாத்தியின் கன்னத்தைத் தடவி, அதை மிளகின் சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி வைத்தோம், அவனுடையதை இவளிடம். முதல் நாள் மிளகு துண்டைப் பார்த்தே சீறினான். ஒரு வாரத்தில் அதன்மேல் படுத்தான்.

இங்கேதான் நம் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். தரையைக் கிருமிநாசினி ஊற்றித் துடைக்கச் சொல்வார். முட்டியில் யூக்கலிப்டஸ் தைலம். பூனை பாடுபட்டு எழுதிவைத்த வாசம் முழுவதும் அன்றைக்கு அழிந்துவிடும், புகை மூச்சையும் உறுத்தும். கற்பூரம், யூக்கலிப்டஸ் தைலம், பீனால் கலந்த கிருமிநாசினி எல்லாம் பூனைக்கு நஞ்சுகூட. பனடோலுக்குச் சொன்ன அதே கல்லீரல் காரணம் இவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும். தைலம் தேய்த்த காலில் ராஜாத்தி உரசிவிட்டு, பிறகு தன் ரோமத்தை நக்கினால் போதும்.

சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மகள்தான் பாட்டியிடம் பேரம் பேசினாள். இப்போது பூசை மாடத்தருகில் மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து, பூனைகள் வேறு அறையில் இருக்கும்போது. கற்பூரம் மூடி போட்ட டப்பாவில். தைலம் இரவில் நீளப் பாவாடைக்குள். தரைக்கு வாசனையில்லாத சோப்புத் தண்ணீர். சிறுநீர் பட்ட மெத்தைக்கு மட்டும் நொதி கலந்த துப்புரவுத் திரவம் வாங்கினோம். அம்மோனியா உள்ளதைப் போட்டால் பூனைக்கு அது சிறுநீர் வாசம் போலவே இருக்கும், மறுபடி அங்கேயே வரும்.

மணல்தட்டு இரண்டிலிருந்து மூன்றானது. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பது கணக்கு. ஒன்று அம்மா அறையில், ஒன்று பழைய இடத்தில், ஒன்று என் கணினி மேசைக்கு அடியில். ஆமாம், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் மேலாளருடன் காணொளிக் கூட்டம் நடக்கும்போது என் காலடியில் மணல் பறக்கும். தண்ணீர்க் கிண்ணங்கள் நான்கு. உலர் உணவைக் குறைத்து, ஈரமான டின் உணவைக் கூட்டினோம். சிறுநீர்ப்பைக்குத் தண்ணீர்தான் மருந்து. அம்மா அன்பாகக் கொடுத்துவந்த பொரித்த நெத்திலி, உப்பு காரணமாக நின்றது. மிளகுக்கு அலமாரி உச்சிவரை ஏற இரண்டு பலகை அடித்தோம். கீழே ஒருத்தி நடந்தாலும் மேலே அவனுக்கு ஒரு பாதை.

ஒரு சாண், இன்னொரு சாண்

கைலியை அவிழ்த்தது மூன்றாம் வாரத்தில். வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி மிளகின் தட்டு, அந்தப் பக்கம் அதே தூரத்தில் ராஜாத்தியின் தட்டு. மற்றதைப் பார்க்கும்போதெல்லாம் நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்று இருவருக்கும் பதிய வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை தட்டை ஒரு சாண் நெருக்கமாக நகர்த்துவோம். யாராவது சாப்பிடுவதை நிறுத்தி முறைத்தால், மறுநாள் ஒரு சாண் பின்னுக்கு. என் மகள் பள்ளிக் கட்டுரைக்கான குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதினாள். ‘மிளகு காது மடக்கினான். -1 சாண்.’ பெரியவர்கள் எங்களுக்குத்தான் பொறுமை இல்லை. ஐந்தாம் வாரம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் வலைக்கதவைத் திறந்துவிட, ஒரே துரத்தல். ஏழு சாண் பின்னுக்குப் போனது. அன்று மகள் என்னுடன் பேசவில்லை.

சீறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று கற்றேன். ‘கிட்டே வராதே’ என்று பூனை மரியாதையாகச் சொல்லும் முறை அது. சத்தமே இல்லாத நிலைத்த பார்வையும், வாசலை மறித்துப் படுப்பதும்தான் கவனிக்க வேண்டியவை. முறைக்கத் தொடங்கினால் நடுவில் ஓர் அட்டையை நீட்டிப் பார்வையை மறைப்போம், அல்லது தூண்டில் பொம்மையை ஆட்டுவோம். கையை நடுவில் நீட்டக் கூடாது. என் கணவரின் முழங்கை சாட்சி. திட்டுவதும் கூடாது. மற்ற பூனை வந்தால் நமக்குத் திட்டு விழுகிறது என்று அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

மிளகின் நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கும் ஒரு வேலை இருந்தது. பிரிட்டனின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மனிதர் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் அதே போலப் பதில் தருகிறது, நெருங்கி வரவும் முற்படுகிறது என்கிறது. அலமாரியின் கீழ் நின்று தினமும் கண்ணை மூடித் திறந்தேன். “தூக்கமா வருது? போய்ப் படு” என்றார் அம்மா.

எட்டாம் வாரம் வலையை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில், இருவரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். ஒன்பதாம் வாரத்திலிருந்து தினமும் பத்து நிமிடம் கதவு திறந்தது. பிறகு அரை மணி. பதினோராம் வாரம் ஒரு சனிக்கிழமை மதியம் நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது, வலைக்கதவு அரை மணிக்கு மேல் திறந்தே இருப்பதை அம்மாதான் கவனித்தார். ராஜாத்தி அவர் காலடியில். மிளகு ஜன்னல் ஓரத்தில், எல்ஆர்டி ரயில் போவதைப் பார்த்தபடி.

இன்றும் அவர்கள் நண்பர்கள் இல்லை. கட்டிப்பிடித்துத் தூங்கும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாம் என்று என் மகளுக்கு ஆசை. அதற்கு வாய்ப்பில்லை. ராஜாத்தி சமையலறை வாசலில் படுத்தால் மிளகு கணினி மேசைக்கு அடியில் உள்ள தட்டுக்குப் போய்விடுகிறான். வயிற்றில் ரோமம் வளர்ந்துவிட்டது. மணல்தட்டில் கட்டிகள் எத்தனை என்று இப்போதும் தினமும் எண்ணுகிறேன்.

ஆகஸ்ட் மாதம் ராஜாத்தியின் உரிமத்தில் செங்காங் முகவரியை இணையத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா வாக்கரைச் சுவரோரம் விட்டுவிட்டு, நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டே வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“பூனைக்கு மட்டும்தான் மாத்துறியா? என் அடையாள அட்டையில இன்னும் ஈசூன்தானே இருக்கு?”

அவர் அட்டையை எடுத்துவரச் சொன்னேன். அது கடைசி வரை திறக்காமல் இருந்த அந்தப் பெட்டிக்குள் இருந்தது.